விதியா? அலட்சியமா?

நமது நாட்டில் ஒருவனுடைய மாடு காணாமற் போய்விட்டால் அவன் சும்மா இருப்பதில்லை. யார் ஓட்டிப்போனான், எந்த வழியாய் ஓட்டிப்போனான், காவலுக்கு இருந்தவன் அப்போது எங்கே போயிருந்தான் என்று ஊரையே இரண்டுபடுத்திவிடுவான். மாட்டின் விலையை வாங்காமல் விடமாட்டான். ஆனால் அதே வீட்டில் ஒரு தாயோ, தமக்கையோ, மனைவியோ, காலத்தில் கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருக்கக் கூடிய வியாதியைக் கண்டுபிடிக்காமல் விட்டதனாலேயே செத்துப்போனால் மாத்திரம் அவன் யாரையும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "அவள் விதி அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கருமாதிக்குப் புரோகிதனைத் தேடிப் போய்விடுகிறான். மாட்டுக்கு உள்ள கணக்கு மனுஷிக்கு இல்லை! இந்த வெட்கக்கேட்டைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத எண்ணுகிறேன்.

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்திலேயே "சாவு" என்று பொருள் கொண்டுவிடுவது நமது ஜனங்களின் வழக்கம். இது மெய்யல்ல. புற்றுநோய்களில் பலவற்றை ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம், முற்றிவிட்டால் முடிவதில்லை. திண்டுக்கல் ஜில்லாவில் கருப்பைவாய்ப் புற்றைப் பற்றி ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்து அதன் முடிவு 2007-இல் வெளியாயிற்று. விலையுயர்ந்த யந்திரம் எதுவுமில்லை. நீர்த்த புளிக்காடியைத் தடவி, பயிற்சி பெற்ற நர்சுகள் கண்ணால் பார்த்து, சந்தேகப்பட்ட இடத்திற்குச் சிகிச்சை செய்தார்கள். அவ்வாறு பார்க்கப்பட்ட கிராமங்களில் அந்த நோயால் ஏற்படும் சாவு 100-க்கு 35 பங்கு குறைந்தது. அந்தப் பெண்களின் தலையெழுத்தை யார் அழித்து எழுதியது? பிரம்மாவா? ஒரு நர்சும் ஒரு விளக்கும் கொஞ்சம் காடியுந்தானே!

ஆகவே, காலத்தில் பார்த்தால் பிழைப்பு, பாராவிட்டால் சாவு என்று ஏற்பட்டுவிட்ட பிறகு, பார்க்க வேண்டியவர் பார்த்தாரா என்ற கேள்வி தானாகவே வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்கு என்று பெயர்.

நான் கேட்காத கேள்வி

இதை ஊருக்கு உபதேசமாக நான் எழுதவில்லை. என் அக்காளுக்கு மலத்தில் ரத்தம் போயிற்று. பணம் வாங்கிக்கொண்டு பார்க்கும் ஒரு டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. விரல் வைத்துப் பார்க்கவில்லை. குழாய் விட்டுப் பார்க்கவும் சொல்லவில்லை. "மூலந்தானம்மா, காரத்தைக் குறையுங்கள்" என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் அதே களிம்பு. உடம்பு பாதியாய்ப் போன பிறகு வேறு ஊரில் ஒரு டாக்டரம்மாள் கை வைத்துப் பார்த்த இரண்டாவது நிமிஷமே முகம் மாறிப்போனார். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்ததில் மலக்குடல் புற்று என்று வந்தது. அதற்குள் அது ஈரலுக்குப் போய்விட்டது.

இருபது வருஷமாய் மேடையேறி, "கடவுளை நீ பார்த்தாயா? ஏன்? எப்படி?" என்று கேட்டு வந்தவன் நான். அந்த எட்டு மாதத்தில் ஒருநாளாவது அந்த டாக்டரைப் பார்த்து, "மூலம் என்று பாராமலேயே எப்படி ஐயா தெரிந்தது?" என்று கேட்டேனா? கேட்கவில்லை. கைகட்டி நின்றேன். கோயிலில் பக்தன் நிற்பதற்கும் அங்கு நான் நின்றதற்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை.

அக்காள் செத்த பிறகு உறவினர்கள் ராகு திசை என்றார்கள். தீட்டுக் கழிப்பதாகச் சொல்லி வீட்டைக் கழுவிய அன்று அவளுடைய பழந்துணிகளோடு தலையணைக்கடியில் இருந்த மருந்துச் சீட்டுகளையும் குப்பையில் போட்டுவிட்டார்கள். பிறகு ஒரு வக்கீல் தோழரிடம் போனேன். சட்டம் இருக்கிறது, காலமும் இன்னும் தாண்டவில்லை, ஆனால் காகிதம் எங்கே என்று கேட்டார். சடங்கு ருஜுவைத் தின்றுவிட்டது. இந்தப் புத்தி எனக்குச் செலவு பிடித்து வந்தது. வாசகர்களுக்குச் செலவில்லாமல் வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தவறு வேறு, அலட்சியம் வேறு

நிற்க. கண்டுபிடிக்கத் தவறிய டாக்டர்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்று நான் சொல்லவரவில்லை. புற்றுநோய் ஒளிந்து விளையாடும் வியாதி. நெஞ்சுப் படத்தில் தெரியும் நிழல் காசநோயாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். காசநோய் மலிந்த நமது நாட்டில் ஒரு டாக்டர் முதலில் காசநோயை நினைப்பது குற்றமாகாது. ஆனால் சளியில் கிருமியும் காணாமல், மாதக்கணக்கில் மருந்து கொடுத்தும் நிழல் குறையாமல் வளரும்போது, அப்பொழுதும் சதையெடுத்துப் பாராமல் அதே மாத்திரையை எழுதிக் கொடுப்பாரேயானால் அதற்குப் பெயர் தவறல்ல, அலட்சியம். அறிவு எட்டாதது குற்றமல்ல. எட்டக்கூடிய இடத்தில் கையை நீட்டாததுதான் குற்றம். நன்றாய்ப் பார்த்தும் ஏமாந்துபோன டாக்டரை நாம் காப்பாற்றவேண்டும். பாராமலேயே சொன்னவரைத்தான் கேட்கவேண்டும்.

அந்தக் கேள்வியையும் கோர்ட்டில்தான் கேட்கவேண்டுமேயொழிய ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைத்தும், இரவெல்லாம் விழித்திருந்த சின்ன டாக்டரை அடித்தும் கேட்கக்கூடாது. அது காட்டுமிராண்டித்தனம். சாமி வரம் கொடுக்காவிட்டால் சாமியை வைகிற பக்தன் புத்திக்கும் இதற்கும் பேதம் கிடையாது. தெய்வமாக்கிக் கும்பிடுகிற கூட்டந்தான் மறுநாள் செருப்பெடுத்துக்கொண்டும் வருகிறது. மனிதனாய் மதிக்கிறவன் கணக்குக் கேட்பான், அவ்வளவே.

பலர் செய்தால் சரியாகிவிடுமா?

இங்கிலாந்தில் 1957-இல் போலம் என்ற வழக்கில் ஒரு விதி ஏற்பட்டது. பொறுப்புள்ள டாக்டர்களில் ஒரு சாரார் சரியென்று ஒப்புக்கொள்ளும் முறைப்படி ஒரு டாக்டர் நடந்திருந்தால் அவர் அலட்சியக்காரர் ஆகமாட்டார் என்பது அதன் சாரம். நமது சுப்ரீம் கோர்ட்டும் அதையே தழுவிக்கொண்டது. இதில் நியாயம் இல்லாமலில்லை. வைத்தியத்தில் இரண்டு வழி இருக்கும்போது ஒரு வழியைப் பிடித்ததற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாதுதான்.

ஆனால் சுயமரியாதைக்காரர்களாகிய நமக்கு இந்த வாதத்தைக் கேட்டவுடன் ஒரு பழைய வாசனை அடிக்கிறதல்லவா? "பெரியவர்கள் அப்படித்தான் செய்தார்கள், சிஷ்டர்கள் அப்படித்தான் சொன்னார்கள், ஆகையால் சரி" என்று சொல்லித்தானே இத்தனை காலம் கிணற்றையும் தெருவையும் கோயிலையும் நம்மவர்களுக்கு மூடிவைத்தார்கள்! அந்த வாசனை இங்கிலாந்து நீதிபதிகளுக்கும் பட்டிருக்கவேண்டும். 1997-இல் பொலித்தோ என்ற வழக்கில், பத்துப் பேர் வந்து "நாங்களும் அப்படித்தான் செய்வோம்" என்று சாட்சி சொன்னால் மாத்திரம் போதாது, அந்த முறை தர்க்கத்துக்கு நின்று பிடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இதைத்தானே ஐயா நாம் மனுவைப் பற்றிச் சொன்னோம்? வழக்கம் பிரமாணமல்ல, காரணமே பிரமாணம். டாக்டருக்கு வைத்த இந்த உரைகல்லைச் சங்கராச்சாரியாருக்கும் வைத்தால் எத்தனை சாஸ்திரம் மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள்.

நூற்றுக்குப் பதினேழு பங்கு உயிர்

இனி ஒரு வேடிக்கையான நியாயத்தைச் சொல்லுகிறேன். இங்கிலாந்தில் 1994-இல் ஒருவர் அக்குளில் கட்டி என்று டாக்டரிடம் போனார். டாக்டர் கொழுப்புக்கட்டி, பயமில்லை என்று அனுப்பிவிட்டார். பின்னர் வேறொரு டாக்டர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, அது நிணநீர்ச் சுரப்பியின் புற்று என்று தெரிந்தது. ஒன்பது மாதம் வீணாயிற்று. முதலிலேயே பார்த்திருந்தால் அவர் நோய் நீங்கிப் பத்து வருஷம் வாழ்வதற்கு 100-க்கு 42 பங்கு வாய்ப்பு இருந்தது; தாமதத்தால் அது 25 ஆகிவிட்டது என்று கோர்ட்டே கண்டது. டாக்டர் அலட்சியமாயிருந்தார் என்றும் கண்டது. அப்படியிருந்தும் 2005-இல் பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளில் மூவர், நஷ்டஈடு கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஏன்? ஆரம்பத்திலேயே அவருடைய வாய்ப்பு பாதிக்குக் கீழே இருந்ததாம். ஆகையால் டாக்டர் பார்த்திருந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாதாம்!

அதாவது, 51 பங்கு வாய்ப்புள்ளவனுக்கு அநியாயம் செய்தால் முழுத்தொகை. 42 பங்கு வாய்ப்புள்ளவனுக்குச் செய்தால் சல்லிக்காசும் இல்லை. இதன்படி, நோயாளியின் நிலைமை மோசமாயிருக்க மோசமாயிருக்க டாக்டரின் அலட்சியத்துக்குப் பாதுகாப்பு அதிகம் என்றாகிறது! எவனுக்கு ஜாக்கிரதை அதிகம் தேவையோ அவனிடத்தில் ஜாக்கிரதையே வேண்டியதில்லை என்பது என்ன நீதி? மற்ற இரண்டு நீதிபதிகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுக்கு 22 வருஷம் முன்னதாகவே, 1983-இல், அமெரிக்காவில் வாஷிங்டன் ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட்டு, நுரையீரல் புற்றைக் காலத்தில் காணாததால் ஒருவருடைய வாய்ப்பு 39-லிருந்து 25-க்கு இறங்கிய வழக்கில், அந்த 14 பங்குக்கும் டாக்டர்கள் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று தீர்மானித்தது. பட்டினி கிடப்பவனிடத்தில் கைப்பிடி அரிசி திருடினாலும் திருட்டுத்தான். வாய்ப்பு என்பது உயிரின் அரிசி.

இல்லாத நோய்க்கு மருந்து

இருக்கிற நோயைக் காணாதது ஒரு பக்கமிருக்க, இல்லாத நோயைக் கண்டுபிடிக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் இயான் பேட்டர்சன் என்ற சர்ஜன், தேவையே இல்லாத பெண்களுக்கெல்லாம் புற்று என்று பயமுறுத்தி மார்பில் கத்தி வைத்ததற்காக 2017-இல் 15 வருஷம் தண்டனை பெற்று, அது போதாதென்று 20 வருஷமாக உயர்த்தப்பட்டது. அமெரிக்காவில் மிச்சிகன் ராஜ்யத்தில் பரீத் பத்தா என்ற புற்றுநோய் டாக்டர், 553 நோயாளிகளுக்குத் தேவையில்லாத மருந்து ஏற்றிப் பணம் பறித்ததற்காக 2015-இல் 45 வருஷம் ஜெயிலுக்குப் போனார். நமக்குப் பக்கத்திலுள்ள கேரளத்திலேயே 2019-இல், ஒரு தனியார் சோதனைச்சாலையின் காகிதத்தை நம்பி, புற்றே இல்லாத ஒரு பெண்ணுக்குப் புற்று மருந்து ஏற்றிவிட்ட செய்தி வெளிவந்தது. தலைமயிர் உதிர்ந்த பிறகு உனக்கு ஒன்றுமில்லை என்றால் அவள் சந்தோஷப்படுவதா, அழுவதா?

இவையெல்லாம் எப்படி வெளிவந்தன? யாரோ ஒருவர் சந்தேகப்பட்டார். இன்னொருவரைக் கொண்டு மறுபடி பார்க்கச் சொன்னார். சதைத் துணுக்கு வைத்த கண்ணாடித்தகடு பொய் சொல்லுவதில்லை. எத்தனை பேர் வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பார்க்கலாம். விஞ்ஞானத்தின் பெருமை அது தவறே செய்யாது என்பதில் இல்லை. அதன் தவறை அதைக்கொண்டே பிடிக்கலாம் என்பதில்தான் இருக்கிறது.

காசு கொடுக்காதவன் மனிதனல்லவா?

இந்தியாவில் 1986-இல் ஏற்பட்ட நுகர்வோர் சட்டத்தின் கீழ் டாக்டர்களும் வருவார்கள் என்று 1995-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. டாக்டர்கள் சங்கம் வேண்டாம் வேண்டாம் என்று வாதாடியும் நடக்கவில்லை. (2024-இல் வக்கீல்கள் மாத்திரம் தாங்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே என்று தீர்ப்புப் பெற்றுக்கொண்டார்கள். வாதாடத் தெரிந்தவர்களல்லவா!) இப்போது அமலிலிருப்பது 2019-ம் வருஷத்துச் சட்டம்.

ஆனால் அந்த 1995-ம் வருஷத் தீர்ப்பிலேயே ஒரு முள் இருக்கிறது. எல்லோருக்கும் இலவசமாய் வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரி இச்சட்டத்துக்குள் வராது. அங்கு பேர் பதிய வாங்கும் சில்லறையும் கட்டணமாகாது. ஜனங்கள் கட்டும் வரியும் கட்டணமாகாது. சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாய்ப் பார்க்கும் ஆஸ்பத்திரியானால் எல்லோருக்கும் உரிமை உண்டு. எல்லோருமே ஏழைகளாய் வந்து நிற்கும் இடத்தில்தான் ஒருவருக்கும் இல்லை. அவர்கள் சிவில் கோர்ட்டுக்கோ ஹைக்கோர்ட்டுக்கோ போகலாமாம். கூலிக்காரன் ஹைக்கோர்ட்டுக்கு எந்தக் காலால் போவான்?

தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிற தொழிலாளி இலவசமாகவா வைத்தியம் பெறுகிறான்? அவன் கட்டிய கட்டடத்தில், அவன் கொடுத்த வரியில் படித்த டாக்டர், அவன் கொடுத்த வரியில் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்கிறார். அதைத் தர்மம் என்று பெயர் வைத்து, தர்மம் வாங்குகிறவன் கேள்வி கேட்கக்கூடாது என்பது வருணாசிரமத்தின் புதிய அவதாரமேயன்றி வேறல்ல. இலவச ஆஸ்பத்திரி நோயாளிக்கும் அதே நுகர்வோர் கோர்ட்டில் அதே உரிமை வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தவேண்டும். நமது சட்டசபைக்காரர்களும் பார்லிமெண்டுக்காரர்களும் இதைப் பற்றி வாய் திறக்கட்டும்.

டாக்டர்களை ஜெயிலுக்கனுப்புவது நமது நோக்கமல்ல. புற்று முற்றிய ஒரு பெரியவர் மூச்சுத் திணறியபோது கொண்டுவந்த பிராணவாயு உருளை காலியாயிருந்தது என்ற வழக்கில், 2005-இல் சுப்ரீம் கோர்ட்டு, கிரிமினல் தண்டனைக்கு மிகக் கடுமையான அலட்சியம் இருக்கவேண்டும் என்று சொல்லிற்று. சரி, இருக்கட்டும். ஆனால் நஷ்டஈட்டுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. தாயை இழந்த குழந்தைகளுக்குச் சோறு போடவும், அடுத்த நோயாளியிடம் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் நஷ்டஈடு பயன்படும்.

சாமியை எந்தக் கோர்ட்டில் கேட்பது?

இதைப் படித்துவிட்டு, "பார்த்தாயா, இங்கிலீஷ் வைத்தியத்தின் யோக்கியதையை! அதற்குத்தான் சாமியை நம்பவேண்டும்" என்று சொல்ல ஒரு கூட்டம் தயாராயிருக்கும். அவர்களை ஒன்று கேட்கிறேன். வைத்தீசுவரன் கோயிலில் 4448 வியாதிகளையும் தீர்க்கும் சாமி இருப்பதாகச் சொல்லி நூற்றாண்டுக் கணக்காய் உண்டியல் வைத்திருக்கிறார்கள். தீராமல் போனவர்களுக்கு இதுவரை எத்தனை ரூபாய் நஷ்டஈடு கொடுத்திருக்கிறார்கள்? நமது நாட்டுச் சட்டப்படி சாமிக்கு ஆள் என்ற அந்தஸ்து உண்டு. நிலம் வைத்துக்கொள்ளலாம், குத்தகை பாக்கிக்குக் கோர்ட்டுக்கு வரலாம். நிலத்துக்கு ஆளாகிற சாமி, நோய் தீராததற்கு மாத்திரம் கல்லாகிவிடுவானேன்?

ராமகிருஷ்ண பரமஹம்சர் 1886-இல் தொண்டைப் புற்றால் இறந்தார். ரமண ரிஷி 1950-இல் கையில் வந்த புற்றால் இறந்தார். இருவரையும் பார்த்தவர்கள் டாக்டர்கள். ரமணருக்குப் பல தடவை கத்தி வைத்தவர்களும் டாக்டர்கள். மகான்களுக்கே கடைசியில் டாக்டர்தான் வேண்டியிருந்தது என்றால் மற்றவர்களுக்குப் பரிகாரம் எதற்கு? தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பரிகாரம் செய்யப் புறப்படவில்லை. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய அதே கைகள்! துக்கத்தை அறிவாக்குவது என்பது அதுதான்.

1954-இலேயே, புற்றைத் தீர்ப்பதாக மருந்தோ மந்திரமோ விளம்பரம் செய்வது குற்றம் என்று சட்டமும் வந்துவிட்டது. ஆனால் ஊருக்கு ஊர் சுவரெல்லாம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தவறு செய்கிற டாக்டரைக் கேட்க ஒரு கோர்ட்டாவது இருக்கிறது. தவறைத் தவிர வேறொன்றும் செய்யாத இவர்களை யார் கேட்கிறார்கள்?

செய்யவேண்டியது

ஆகவே தோழர்களே! டாக்டரிடம் போகும்போது கும்பிட்டுக்கொண்டு போகாதீர்கள், கேட்டுக்கொண்டு போங்கள். "என்ன நோய், எதைப் பார்த்துச் சொல்லுகிறீர்கள், வேறு என்னவாக இருக்கலாம்?" என்ற மூன்று கேள்வியையும் கேளுங்கள். யோக்கியமான டாக்டர் இதற்குக் கோபிக்கமாட்டார். மாறாத புண், காரணம் தெரியாத கட்டி, வரக்கூடாத இடத்தில் ரத்தம், இவற்றுக்குப் பாராமல் மருந்து எழுதினால் வேறு டாக்டரிடம் போங்கள். புற்று என்று சொன்னாலும் கண்ணாடித்தகட்டை வாங்கி இன்னொருவரிடம் காட்டுங்கள்.

ஒவ்வொரு சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரின் குறிப்புகளை 3 வருஷம் வைத்திருக்கவும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவும் டாக்டர்கள் 2002-ம் வருஷத்து விதிகளால் கட்டுப்பட்டவர்கள். வழக்குப் போட 2 வருஷந்தான் கெடு. கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஜில்லா நுகர்வோர் கோர்ட்டில் மனுவுக்குக் கட்டணமில்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். நமது சங்கங்கள் ஒவ்வொன்றும் இந்த மனுவை எழுதிக் கொடுக்க இரண்டு பேரைத் தயார் செய்யட்டும். அது நூறு பொதுக்கூட்டத்துக்குச் சமம்.

கடைசியாக ஒன்று. வீட்டில் சாவு நேர்ந்தால் அழுங்கள். அது மனித சுபாவம். ஆனால் தீட்டென்று சொல்லி வீட்டைக் கழுவுவதற்கு முன்னால் தலையணைக்கடியில் கையை விட்டுப் பாருங்கள். அங்கே இருக்கும் காகிதந்தான் செத்தவள் உங்களுக்கு விட்டுப்போன வாக்குமூலம். என் அக்காளின் வாக்குமூலத்தை நான் குப்பைக்கு விட்டேன். நீங்கள் விடாதீர்கள்.